மீ.சி.ம கணக்கில் நான் விட்ட ஒன்றரை மதிப்பெண்

டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வு முடிவு வந்துவிட்டது. இந்த முறை என் பதிவெண் பட்டியலில் இருக்கிறது. பார்த்ததும் அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டாள். போன முறை ஒரே ஒரு கேள்வியில், ஒன்றரை மதிப்பெண்ணில் வேலை கை நழுவியது. அது மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) கேள்வி. ஆகவே அந்தப் பாடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எண்கள் வேறு, வகை இதுதான்: 12, 15, 18 ஆல் வகுத்தால் முறையே 7, 10, 13 மீதி வரும் மிகச்சிறிய எண் எது?

மீ.சி.ம 180 என்று அரை நிமிடத்தில் வந்துவிட்டது. மீதி மூன்றும் வேறு வேறாக இருந்ததில் பதறிப்போய், கடைசி 13-ஐக் கூட்டி 193 என்று நிரப்பிவிட்டேன். 193-ஐ 12 ஆல் ஒரு தரம் வகுத்திருந்தால் மீதி 1 என்று தெரிந்திருக்கும். வகுக்கவில்லை.

இதற்கு வழி கிடைத்தது எங்கள் வீட்டுத் திண்ணையில். எங்களுக்கு முக்கூடல் பக்கம், அம்மா பீடி சுற்றுகிறாள். 25 பீடி ஒரு கட்டு. கடைசியில் 20 பீடி நின்றால் அம்மா அதை மிச்சம் என்று சொல்ல மாட்டாள். “இன்னும் அஞ்சு சுத்துனா ஒரு கட்டு” என்பாள். ஒருநாள் அதைக் கேட்டபோதுதான் உறைத்தது. 12-இல் 7 என்றால் 5 குறைகிறது. 15-இல் 10, அதிலும் 5. 18-இல் 13, அதிலும் 5. எல்லாவற்றிலும் குறை ஒன்றே. அப்படியானால் 180-இலிருந்து 5-ஐக் கழி, 175. முடிந்தது.

மீதிகள் வேறு வேறாக வந்தால் முதலில் குறையைப் பாருங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் தகும். மீதி எல்லாம் ஒன்றே என்றால் மட்டும் கூட்டுங்கள்: மூன்றுக்கும் மீதி 5 என்றால், 5-ஐ விட்டால் அடுத்தது 185.

அப்புறம், பழைய வினாத்தாளில் மீ.பொ.வ, மீ.பொ.ம என்று இருக்கும். ஓர் எழுத்துதான் வித்தியாசம். ‘வ’ வகுத்தி, அதாவது இப்போதைய மீ.பெ.கா (மீப்பெரு பொதுக் காரணி). ‘ம’ மடங்கு, அதாவது மீ.சி.ம. அவசரத்தில் நான் இரண்டு முறை மாற்றிப் படித்திருக்கிறேன். இப்போது அந்த எழுத்தை வட்டமிட்டுவிட்டுத்தான் கணக்கைத் தொடுவேன்.

மற்றவை சுருக்கமாக:

- 53, 101, 173-ஐ வகுத்தால் ஒரே மீதி தரும் மிகப்பெரிய எண்? மீதி தெரியவில்லையே என்று தேடாதீர்கள். வித்தியாசங்கள் 48, 72, 120. அவற்றின் மீ.பெ.கா 24.
- மணிகள் சேர்ந்து ஒலிப்பது, பேருந்துகள் சேர்ந்து கிளம்புவது மீ.சி.ம. தரைக்குச் சதுரக் கல், கயிற்றைச் சம துண்டாக வெட்டுவது மீ.பெ.கா.
- பின்னத்தின் மீ.சி.ம: தொகுதிகளின் மீ.சி.ம மேலே, பகுதிகளின் மீ.பெ.கா கீழே. முதலில் பின்னத்தைச் சுருக்கிவிடுங்கள்.
- விடையை வினாவில் போட்டுப் பார்க்காமல் வட்டத்தை நிரப்பாதீர்கள்.

வேகமாகப் போடச் சொல்கிறவர்கள் உண்டு. என் சுபாவத்துக்கு அது ஒத்துவரவில்லை. பாளையங்கோட்டை நூலகத்தில் உட்கார்ந்து ஒரு நாளைக்குப் பத்துக் கணக்குதான் போட்டேன், பத்தையும் சரிபார்த்தேன்.

இன்னொன்று. இரண்டு எண்களின் பெருக்கற்பலன் = மீ.சி.ம × மீ.பெ.கா. மூன்று எண்களுக்கு இதைப் போட்டுவிடாதீர்கள். 2, 4, 6-ஐப் பெருக்கினால் 48. மீ.சி.ம 12, மீ.பெ.கா 2, பெருக்கினால் 24தான்.