ரங்காராவை இழுத்து நீட்டாதீர்கள்

வீட்டில் மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து ‘மிஸ்ஸியம்மா’ பார்ப்பது என்று முடிவானால், முதல் சண்டை படத்தைப் பற்றி வராது, ரிமோட்டைப் பற்றித்தான் வரும். படம் 1955ல் வந்தது. அந்தக் காலத்துப் படச்சட்டம் கிட்டத்தட்ட சதுரம், அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று. இன்றைய டிவியோ 16க்கு 9. 43 அங்குல டிவியில் சரியாக ஓடினால் இரண்டு ஓரத்திலும் சுமார் 12 சென்டிமீட்டர் கறுப்புப் பட்டை நிற்கும். அதைப் பார்த்ததும் வீட்டில் ஒருவருக்காவது கை பரபரக்கும். “காசு கொடுத்துப் பெரிய டிவி வாங்கினது எதுக்கு?” என்று அவர் ‘வைடு’ பொத்தானை அமுக்குவார்.

விளைவு: எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு குண்டாகிவிடுவார்கள். சாவித்திரி சமாளித்துக்கொள்வார். ஜமீன்தாராக வரும் எஸ்.வி. ரங்காராவ் ஏற்கெனவே ஆள் ஆஜானுபாகு. இழுத்து நீட்டினால் சோபாவில் பக்கத்தில் இருப்பவருக்கு இடமே இருக்காது. சரி, ‘ஜூம்’ போடலாம் என்பார் அடுத்தவர். ஜூமில் ஆள் குண்டாக மாட்டார், ஆனால் உயரத்தில் கால்வாசி போய்விடும், மேலே அரைக்கால், கீழே அரைக்கால். மேலே கொண்டை போகும், கீழே பாதம் போகும். ஜமீன்தாரின் காணாமல் போன மகளைக் கண்டுபிடிக்க இந்தக் கதையில் இருக்கும் அடையாளமே காலில் உள்ள மச்சம்தான் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆகவே 4:3. சில சமயம் இணையத்தில் ஏற்றியவரே இழுத்து நீட்டி ஏற்றியிருப்பார். அப்போதும் டிவியில் 4:3 வைத்தால் முகம் பழைய அளவுக்கு ஒடுங்கும். டிவிக்குள்ளேயே இருக்கும் செயலிகளில் பல டிவிகள் இந்த மாற்றத்தை அனுமதிக்காது. லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து அதிலிருந்து மாற்றிக்கொள்வது சுலபம்.

அடுத்தது நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் என்ன நிறம் என்று கேட்காதீர்கள். பிரதியை மாற்றிய விதத்தைப் பொறுத்து, சட்டை சொட்டு நீலத்தில் முக்கியது போலவோ, முகம் லேசான பச்சையாகவோ தெரியும். மெனுவில் ‘கலர்’ அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் சாயம் முழுக்க இறங்கிவிடும். (படம் முடிந்ததும் திரும்ப ஏற்றி வையுங்கள். மறந்தால் மறுநாள் சீரியல் நேரத்தில் டிவி ரிப்பேர் என்று ஆள் வந்து நிற்பார்.) ‘விவிட்’ வேண்டாம், ‘சினிமா’ அல்லது ‘மூவி’ போதும். ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. ‘வாராயோ வெண்ணிலாவே’ பாட்டில் நிலா வெளிச்சத்தைச் சாம்பலின் பல படிகளில் பிரித்து வைத்திருக்கிறார். விவிட் அதையெல்லாம் சுண்ணாம்பு, கரி என்று இரண்டே வகையாக்கிவிடும். ‘மோஷன்’ என்று தொடங்கும் எதையும் அணைத்துவிடுங்கள். வினாடிக்கு 24 சட்டங்களில் எடுத்த படத்துக்கு நடுவே டிவி தானாகச் சட்டங்களைச் செருகும். ஜெமினி கணேசன் நடப்பது மெகா சீரியலில் மாப்பிள்ளை நடப்பது போல வழுக்கும்.

ஒலியில்தான் முக்கால்வாசி நகைச்சுவை போகிறது. ஒற்றைத் தட ஒலி. அதை ‘சரவுண்டு’ என்று நாலு மூலைக்கும் அனுப்பினால் துப்பறிபவராக வரும் கே.ஏ. தங்கவேலு கிணற்றுக்குள் இருந்து துப்பறிவார். அதை அணைத்துவிட்டு, ‘வாய்ஸ்’ மாதிரி ஏதாவது இருந்தால் வையுங்கள். மின்விசிறியை ஒரு புள்ளி குறையுங்கள். குக்கரை முன்னாலேயே இறக்கிவிடுங்கள்: இந்தப் படத்தில் முணுமுணுப்புகள் அதிகம், மூன்று விசிலில் ஒரு காட்சியே போய்விடும்.

முணுமுணுப்பு ஏன் முக்கியம்? கதை அப்படி. அப்பாபுரம் பள்ளிக்கூடத்துக்கு பி.ஏ. படித்த ஆசிரியத் தம்பதி வேண்டும் என்று விளம்பரம். பாலு (ஜெமினி) இந்து, மேரி (சாவித்திரி) கிறிஸ்தவர். இருவரும் வேலைக்காகப் புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லிச் சேருகிறார்கள். “உண்மையைச் சொல்லிட்டா என்ன?” என்று குழந்தைகள் கேட்கும். மேரி வீட்டார் டேவிட்டுக்கு 400 ரூபாய் கடன், அவனோ கடனைக் காட்டிக் கல்யாணத்துக்கு நெருக்குகிறான் என்று சொல்லுங்கள். “நானூறுதானா?” என்பார்கள். 1955 என்று நினைவூட்டுங்கள். டேவிட்டாக வருபவர் எம்.என். நம்பியார் என்றதும் பெரியவர்கள் தாமாகவே நிமிர்ந்து உட்காருவார்கள்.

சிரிப்பு எங்கே இருக்கிறது என்றால், பேசுகிறவர் முகத்தில் பாதிதான். மீதி, பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் நம்பிக்கொண்டிருக்கும் ரங்காராவ் முகத்தில். இவர்கள் நிஜமாகவே அடித்துக்கொள்வார்கள். அதைப் புதுத் தம்பதியின் ஊடல் என்று எடுத்துக்கொண்டு ஜமீன்தாரும் மனைவியாக வரும் ருஷ்யேந்திரமணியும் இன்னும் கொஞ்சம் அன்பைக் கொட்டுவார்கள். சட்டத்தின் ஓரத்தில் நிற்பவரைப் பாருங்கள். படத்தை இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள் என்று சொன்னது இதற்கும்தான்.

பாட்டுகளை ஓட்டிவிடும் பழக்கம் இங்கே உதவாது. ‘பிருந்தாவனமும் நந்தகுமாரனும்’ வெறும் பாட்டல்ல. ஜமீன்தாரின் இளைய மகளாக வரும் ஜமுனாவுக்குப் பாலு பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் மேரிக்குப் பொறாமை மூளுவதும் அந்தப் பகுதியில்தான். ஓட்டிவிட்டால் அப்புறம் மேரி ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று ஒருவர் கேட்க, ஒருவர் விளக்க, அதற்குள் அடுத்த காட்சி போய்விடும். படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். உங்கள் பிரதி இரண்டேகால் மணியில் முடிகிறது என்றால் பாட்டையோ காட்சியையோ யாரோ வெட்டியிருக்கிறார்கள். வேறு பிரதி தேடுங்கள்.

வசனத்தை முன்கூட்டியே சொல்லும் பாட்டிக்கு மருந்து கிடையாது. பானுமதி கதையைச் சொல்லச் சொல்லலாம், ஆனால் இடைவேளையில். மேரியாக முதலில் நடித்தது பானுமதிதான். நாலு ரீல் எடுத்த பிறகு தயாரிப்பாளர் சக்ரபாணியோடு மனஸ்தாபமாகி விலக, இரண்டாவது நாயகியாக இருந்த சாவித்திரி மேரியானார், சாவித்திரியின் இடத்துக்கு ஜமுனா வந்தார். இதைச் சொல்லி முடிக்க ஒரு காபி நேரம் சரியாக இருக்கும்.

கடைசியில் ‘எது ஒரிஜினல்’ சண்டை. இதில் எல்லோருமே பாதி சரி. வங்காளத்தில் இதே கதை 1935லேயே ‘மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்’ என்று படமாகிவிட்டது. விஜயா நிறுவனம் எல்.வி. பிரசாத் இயக்கத்தில் தெலுங்கையும் தமிழையும் சேர்த்தே எடுத்தது; தெலுங்கில் என்.டி.ஆர். நாயகன், நம் தங்கவேலு வேடத்தில் நாகேஸ்வர ராவ். 1957ல் ஏவி.எம். அதே பிரசாத்தை வைத்து இந்தியில் ‘மிஸ் மேரி’ எடுத்தது. மீனா குமாரி மேரி. பாலு வேடத்துக்கு மறுபடியும் ஜெமினிதான். ஜமுனாவும் உண்டு. துப்பறிபவராக கிஷோர் குமார்.

இந்திப் படத்தையும் அன்றே போட்டுவிடாதீர்கள், அஞ்சாறு மணி நேரம் யாரும் தாங்க மாட்டார்கள். பிருந்தாவனப் பாட்டை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். மெட்டு அதேதான், இங்கே ஏ.எம். ராஜா, சுசீலா, அங்கே ரஃபி, லதா. முழுப் படம் மறுவாரம். கிஷோர் துள்ளுவார், ஓடுவார், குரலை நாலாக உடைப்பார். தங்கவேலு நின்ற இடத்திலேயே வேலையை முடிப்பார். எனக்குத் தங்கவேலு போதும். ஆனால் நிஜமான நஷ்டம் அவரில்லை. இந்தியில் ரங்காராவ் இல்லை. அந்த ஜமீன்தார் வீட்டில் எந்தப் பொத்தானும் அமுக்காமலே இடம் தாராளமாக இருக்கிறது.