வீராவுக்கு டர்போ

மார்ச் 2, 2024, சனி

ஹாஃப் கட் வந்து இறங்கியது. ஜப்பானில் ஓடி முடித்த மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரை இரண்டாக வெட்டி, முன்பாதியை மட்டும் கன்டெய்னரில் ஏற்றி மலேசியாவுக்கு, எங்கள் கிள்ளானுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எஞ்சின் 4ஜி93 டர்போ (காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் விசிறி வைத்தது), 1834 சிசி, 195 குதிரைத்திறன். இதை ஏற்றப்போவது என் புரோட்டோன் வீரா 1.6 காரில்; அதில் இப்போது இருப்பது 4ஜி92. ஒரே குடும்பம், போர், அதாவது சிலிண்டர் விட்டம், இரண்டுக்குமே 81 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், மட்டும் 77.5-லிருந்து 89 ஆகிறது. 1.5 வீரா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, அது வேறு குடும்பம்.

"கியர்பாக்ஸும் எடுத்துக்கோ லா" என்றார் தவுக்கே, கடை முதலாளி. ஜிஎஸ்ஆர் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வீராவுக்கு அந்தக் கியர்பாக்ஸ் தண்டம். முன்சக்கர வண்டியான புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயின் கியர்பாக்ஸுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் புதுசு. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும் ரகம் இது. வெளியே கிடக்கும்போதே மாற்றுவதுதான் புத்தி.

பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணே, புளோ ஆஃப் வால்வை வெளியே திறந்து விடுங்க, ப்ஷ்ஷ்னு சத்தம் வரும்" என்றான். ஆக்சிலரேட்டரை விடும்போது டர்போ அழுத்திய மிச்சக் காற்றை வெளியேற்றும் வால்வு அது. முடியாது தம்பி. உள்ளே போகும் காற்றை ஏர் ஃபில்டர் பக்கத்திலேயே இந்த எஞ்சின் அளந்துவிடுகிறது. அளந்த காற்றை வெளியே விட்டால், அது உள்ளேதான் இருக்கிறது என்று நம்பி இசியு (எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி) பெட்ரோலை ஊற்றும். கியர் மாற்றும்போதெல்லாம் புகை கக்கும், சிக்னலில் அணையும்.

மார்ச் 23, சனி

இன்று முழுக்க இசியு. மூடியைக் கழற்றியதும் மீன் கவிச்சி. 90-களின் மிட்சுபிஷி இசியுக்களுக்கு இது பரம்பரை வியாதி: கெப்பாசிட்டர் ஒழுகும். ஒன்றின் காலடியில் பலகை பச்சை பூத்து, பக்கத்துச் செம்புத் தடம் பாதி அரித்துப் போயிருந்தது. ஆல்கஹால் தொட்டுப் பழைய டூத்பிரஷால் தேய்த்து, 105 டிகிரி தாங்கும் புதுசுகளை வைத்து, அரித்த இடத்துக்கு மெல்லிய ஒயர் ஒன்றைப் பற்றவைத்தேன்.

இன்னொன்று, ரெசிஸ்டர் பெட்டி. உள்ளங்கை அளவு அலுமினியம். பலர் இதை ஹாஃப் கட்டோடு கடையிலேயே விட்டுவிடுகிறார்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ இன்ஜெக்டர்களுக்கு மின்தடை குறைவு. நடுவில் இந்தப் பெட்டி இல்லாவிட்டால் கரன்ட் மிஞ்சி இசியுவே கருகும்.

ஏப்ரல் 6, சனி

மச்சானும் நானும் செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பி) எஞ்சினை வண்டிக்குள் இறக்கினோம். சொல்ல ஒன்றுமில்லை, உட்கார்ந்துவிட்டது. பெட்ரோல் பம்பும் பெரிதாக மாற்றியாயிற்று.

ஏப்ரல் 14, ஞாயிறு

"சித்திரை பிறந்த நாளும் அதுவுமா கறுப்புக் கையோட இலையில உட்காராதே" என்றார் அம்மா. சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொட்டேன். இன்ஜெக்டர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு கிராங்க் செய்தேன். டர்போ தண்டு ஆயில் படலத்தில்தான் சுற்ற வேண்டும். காய்ந்தபடி சுற்றினால் பேரிங் போச்சு. அப்புறம் ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்ப, பிடித்துக்கொண்டது. வால்வுகளைத் தள்ளும் லிஃப்டர்கள் டிக் டிக் என்றன, சூடானதும் அடங்கின.

தம்பிக்கு உடனே ஒரு ரவுண்டு போக ஆசை. முன் பிரேக் இன்னும் பழையதுதான், கெரானிலும் (வண்டியின் உரிமைப் பத்திரம்) பழைய எஞ்சின் நம்பர்தான். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, புஸ்பகோம் வாகனச் சோதனை முடியும்வரை இன்சூரன்ஸ் கண்ணுக்கு இது 1.6 வண்டி. சாலை வரியும் 90 ரிங்கிட்டிலிருந்து 297-க்கு ஏறும். நாளைக்கு எஞ்சின் ரசீதையும் சுங்கப் பத்திரத்தையும் நகல் எடுக்க வேண்டும்.