ஆழத்தை மறந்த அளவை: பாய்மரக் கப்பல் நாட்குறிப்பு

மார்ச் 3, ஞாயிறு

இலண்டனில் லாயிடின் பெயரால் வழங்கிய காப்பிக்கடையில் கூடிய காப்பீட்டாளர்கள் 1760இல் சங்கம் அமைத்துக் கப்பல்களின் தரத்தைப் பதியத் தொடங்கினார்கள். எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய பதிவேடு 1764–66க்குரியது. அதில் மரவுடலின் நிலையை ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் உயிரெழுத்துகள் குறிக்கின்றன. நங்கூரம், கயிறு முதலிய தளவாடங்கள் நல்லவையா, நடுத்தரமா, மோசமா என்பதற்குத் தனி எழுத்து உண்டு. அந்த இரண்டாம் எழுத்தின் இடத்துக்கு எண்கள் பின்னர்தான் வந்தன.

மார்ச் 5, செவ்வாய்

கட்டணத்துக்காகக் கப்பலின் கொள்ளளவை மதிப்பிட்ட, 1773ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்தின் டன் கணக்கை இன்று போட்டுப் பார்த்தேன். நீளத்திலிருந்து அகலத்தின் ஐந்தில் மூன்று பங்கைக் கழித்து, மீதியை அகலத்தாலும் அரை அகலத்தாலும் பெருக்கி, 94ஆல் வகுக்க வேண்டும். நீளம் 100 அடி, அகலம் 25 அடி என்றால் ஏறக்குறைய 282½ டன் வருகிறது. ஆழத்தை எவரும் அளக்கவில்லை. அகலத்தில் பாதிதான் ஆழம் என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே 13 அடி ஆழமுள்ள கப்பலுக்கும் 18 அடி ஆழமுள்ள கப்பலுக்கும் ஒரே டன், ஒரே கட்டணம். உரிமையாளர்கள் சும்மா இருப்பார்களா? அகலத்தைக் குறைத்து, ஆழத்தைக் கூட்டி, பெட்டி போன்ற கப்பல்களைக் கட்டச் சொன்னார்கள். சரக்கு நிறையக் கொண்டாலும் அவை வேகத்திலும் நிலைப்பிலும் பின்தங்கின. சட்டம் எழுதியவர்களே அந்தக் கப்பல்களின் வடிவத்தையும் வரைந்துவிட்டார்கள் என்பேன்.

மார்ச் 9, சனி

காப்பீட்டாளர்களின் தரப்பதிவிலும் இதே கோளாறு. கப்பலின் உண்மை நிலையைவிட அதன் வயதுக்கும் கட்டிய ஊருக்கும் முதன்மை தந்து, தேம்ஸ் ஆற்றங்கரையில் கட்டியவற்றுக்குச் சலுகை காட்டியதால், உரிமையாளர்கள் சினந்து 1799இல் தமக்கென்று தனிப் பதிவேடு வெளியிட்டார்கள். இரண்டு ஏடுகளும் 1834இல்தான் ஒன்றாயின.

ஒன்றான அந்தப் பதிவேட்டின் புதிய விதிகளில் எனக்குப் பிடித்தது, கட்டும்போதே மூன்று முறை பார்வையிட வேண்டும் என்பது: வங்குகள் என்னும் விலா எலும்பு போன்ற சட்டமரங்களை நிறுத்தி முடிந்ததும் ஒருமுறை, உத்தரங்கள் பொருத்தி, தளப்பலகை பாவுமுன் ஒருமுறை, முடிந்த பின், கூடுமானால் வண்ணம் பூசுமுன் ஒருமுறை. இரண்டாம் பார்வைக்கு உட்பலகையில் இரண்டு வரிசையையாவது அடைக்காமல் விட வேண்டும். அந்த இடைவெளியில்தான் அடிப்பலகையின் உட்புறத்தைப் பார்வையாளர் காண முடியும். வண்ணம் பூசிவிட்டால் மரத்தின் குறை தெரியாது என்பதைத் தச்சர்கள் நன்றாகவே அறிவார்கள்.

மார்ச் 14, வியாழன்

ஜார்ஜ் மூர்சம் என்பவர் வகுத்த டன் அளவை முறையை 1854ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம் ஏற்றது. கப்பலின் உட்புறத்தைப் பல குறுக்குவெட்டுகளில் அளந்து கொள்ளளவைக் கணக்கிட்டு, 100 கன அடியை ஒரு டன் என்றார்கள். ஆழம் ஒருவழியாகக் கணக்கில் ஏறியது. ஆனாலும் நிரந்தரமாக மூடப்படாத மேலிடம் டன்னில் சேராது என்ற விலக்கைப் பிடித்துக்கொண்டு, பிற்கால நீராவிக் கப்பல்களின் உரிமையாளர்கள் அங்கேயும் சரக்கை அடுக்கினார்கள்.