ஃபைனல் இயர் மெடிசின் பிராக்டிகல்: ஸ்டெத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி

ரிசல்ட் வந்துடுச்சு, பாஸ். ஜூனியர்ஸ் நிறையப் பேர் கேட்டதால எழுதறேன். ஹிஸ்டரி ஃபார்மேட் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு: பேஷன்ட் எப்படிப் படுத்திருக்கார், எப்படி உட்கார்ந்திருக்கார்னு முதல்ல பாருங்க. எனக்கு மளமளன்னு பேச வராது, அதனால இது செட் ஆச்சு. வாயாடிகளுக்குக் கஷ்டம்தான்.

என் லாங் கேஸ் (முழுசா பார்த்துச் சொல்ல வேண்டிய பேஷன்ட்) இடது பக்கம் பெரிய ப்ளூரல் எஃப்யூஷன், அதாவது நுரையீரலைச் சுத்தித் தண்ணி. பெரியவர் இடது பக்கமாவே ஒருக்களிச்சுப் படுத்திருந்தார். திரும்பச் சொன்னா, "அந்தப் பக்கம் முட்டுது தம்பி." அதை அப்படியே சொன்னேன், எக்ஸ்டர்னல் (வெளியிலேர்ந்து வந்த எக்ஸாமினர்) பிடிச்சுக்கிட்டார். "ஏன் நோயுள்ள பக்கம்?"னார். நல்ல நுரையீரல் மேல இருந்தா தாராளமா விரியும். கீழ போனா தண்ணியோட பாரம் அது மேல இறங்கும். அப்போ ஒரு பக்க நிமோனியாவுல நல்ல பக்கத்தைக் கீழ வைக்கச் சொல்றாங்களே? ரத்தம் கீழ்ப்பக்க நுரையீரலுக்குத்தான் அதிகம் போகும், அங்க காத்தும் போகணும்ல. பாதி வைவா (வாய்மொழித் தேர்வு) இதுலயே ஓடிருச்சு.

எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி பார்க்க, எந்த பொசிஷன்னா என்ன நோய்னு:

- காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தா: இடது பக்க ஹார்ட் ஃபெயிலியர். படுத்தா கால் ரத்தம் நெஞ்சுக்கு ஏறும்.
- முழங்கால்ல கை ஊனிக் குனிஞ்சா: சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்), ஆஸ்துமா. தோள் அசையாம நின்னாத்தான் மார்புத் தசை விலாவை இழுக்கும்.
- குனிஞ்சா வலி குறையும்: பெரிகார்டைட்டிஸ் (இதய உறை அழற்சி), பான்கிரியாடைட்டிஸ் (கணைய அழற்சி).
- உருண்டு புரண்டா ரீனல் கோலிக் (சிறுநீரகக் கல் மாதிரி வலி), அசையாம கிடந்தா பெரிடோனைட்டிஸ் (வயித்து உள்ளுறை அழற்சி).
- உட்கார்ந்தா மூச்சு வாங்கி, படுத்தா சுகம்: சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) பேஷன்டா இருந்தா ஹெப்பட்டோபல்மனரி சிண்ட்ரோம், கல்லீரல் நோயால நுரையீரல் பாதிக்கிறது.
- பீடியாட்ரிக்ஸ்ல, ஓடிட்டுக் குந்திக்கிற நீலம் பாரிச்ச குழந்தை: ஃபாலோ டெட்ராலஜி (பிறவி இதயக் கோளாறு). குந்தினா சிஸ்டமிக் ரெசிஸ்டன்ஸ் (உடம்பு ரத்தக்குழாய்களோட எதிர்ப்பு) ஏறி ஷன்ட், அதாவது கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போகாம நேரா உடம்புக்குப் போறது, குறையும்.

"எத்தனை தலகாணி வெச்சுப் படுப்பீங்க?" - புக்ல இருக்கிற இந்தக் கேள்வியை நம்பாதீங்க. நம்ம வார்டுக்கு வர்றவங்கள்ல நிறையப் பேர் வீட்டுல பாய்ல படுக்கிறவங்க. இருக்கிறதே ஒரு தலகாணி, அதனால "ஒண்ணு"ம்பாங்க, நீங்க ஆர்த்தோப்னியா (படுத்தா மூச்சு முட்டுறது) இல்லைன்னு எழுதிடுவீங்க. "ராத்திரி எதுல சாஞ்சு தூங்குறீங்க?"ன்னு கேளுங்க. சுவரு, மடிச்ச போர்வை, பொண்ணு தோளுன்னு பதில் வரும். அதை அவங்க வார்த்தையிலேயே கேஸ் ஷீட்ல எழுதுங்க. "தூங்கி ஒரு மணி நேரம் கழிச்சு திடுக்குனு எழுந்து ஜன்னலைத் தேடுவீங்களா?"ன்னு தனியா கேளுங்க, அது பிஎன்டி (தூக்கத்துல திடீர்னு வர்ற மூச்சுத்திணறல்), ரெண்டையும் குழப்பாதீங்க.

எக்ஸாமினர் ரவுண்டுக்கு முன்னாடி வார்டு ஆட்கள் பேஷன்ட் எல்லாரையும் நேரா மல்லாக்கப் படுக்க வெச்சுடுவாங்க. அதுக்குள்ள பொசிஷனைக் குறிச்சுக்கோங்க. வயிறு பார்க்கும்போது, "சார், ஆர்த்தோப்னியா இருக்கு, சாய்ச்சு வெச்சே பார்க்கிறேன்"னு சொல்லிட்டு ஆரம்பிங்க. முடியாத ஆளை மல்லாத்தினாத்தான் திட்டு விழும்.