வேடந்தாங்கல்: அறுபது பிள்ளைகள், இரண்டு பைனாகுலர்

காணும் பொங்கலை ஒட்டிப் பிள்ளைகளை வேடந்தாங்கல் கூட்டிப்போகும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். கரை முழுக்கத் தலைதான். இந்த முறை ஒரு பள்ளிப் பேருந்திலிருந்து அறுபது பிள்ளைகள் இறங்கினார்கள். கூட வந்தது இரண்டே பைனாகுலர். ஆசிரியர்கள் விசில் ஊதி, பார்வைக் கோபுரத்தில் ஏற்றி இறக்கி, இருபது நிமிடத்தில் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் ஓட்டிவிட்டார்கள். இதற்கு வண்டி வாடகை தண்டம்.

எட்டுப் பேருக்கு ஒரு பைனாகுலராவது வேண்டும். 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். 10×50 பத்து வயதுக் கைக்குக் கனம். ஆடுகிற ஆட்டத்தில் பறவையே சிக்காது. "ஒண்ணும் தெரியல சார்" என்று பிள்ளை சொன்னால், பெரியவர் கண்ணுக்கு விரித்த குழல்களை அப்படியே கொடுத்திருப்பீர்கள். இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை மடக்குங்கள். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, வலது குழலின் வளையத்தைத் திருப்புங்கள். கண்ணாடி போட்ட பிள்ளைக்கு ரப்பர் விளிம்பை மடித்துவிடவேண்டும்.

முப்பது வகைப் பறவையின் பெயரை ஒப்பிக்க வைப்பது வீண். ஒரே கூடு, அரை மணி நேரம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு குறிப்பு. அதற்கு ஜனவரி, பிப்ரவரிதான் சரி. நவம்பரில் போனால் குஞ்சு பார்ப்பது அரிது. நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும். வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள்! இரண்டு அலகையும் வரையச் சொல்லுங்கள், அவர்களே பிடித்துவிடுவார்கள். வெயில் ஏறினால் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கட்டி நிற்கும். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையும் ஐஸ்கிரீம் கேட்காது.

எச்சம் படிந்து வெளுத்த மரங்களையும் காட்டுங்கள். அந்த எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்கு உரம். பறவைகளைச் சுடவந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்து 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஊர்க்காரர்கள் பாதுகாப்பு உத்தரவு வாங்கியதற்கு இந்த நெல்லும் ஒரு காரணம்.

வேடந்தாங்கலுக்குப் பிரியும் படாளம் கூட்டுரோட்டில் ஆட்டோ பிடித்தால் போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள். "பார்த்துக் குடுங்க சார்" என்றவர் திரும்பும்போது இரண்டு மடங்கு கேட்டார். இருட்டிய பிறகு வேறு வண்டியும் இல்லை. சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், காசு மிச்சம். கிளம்புமுன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மழை பொய்த்த வருடம் கூடே இருக்காது.

கூட்டம் தாங்கவில்லையா? பக்கத்திலேயே கரிக்கிலி பறவைகள் சரணாலயம். இரண்டுமே 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. கரிக்கிலியில் ஆழம் குறைவு; வாத்தும் உள்ளானும் வரும். பைனாகுலர் பழகாத கைக்கு மிதக்கிற வாத்துதான் சுலபம்.