ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீட்டை நம்பாதீர்கள்

பதினான்கு மாதம், ஒன்பது வீடு. பேருந்துப் பயணத்துக்குக் கணக்கே வைக்கவில்லை. ஒருவழியாகப் போன மாதம் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்துவிட்டேன். ஊரைவிட்டு ஒதுங்கிய, ஆனால் ஊர் என்னை ஒதுக்காத ஒரு வீடு. எனக்கு 46 வயது, தனி ஆள். "பேய்கூட வராத இடமாப் பாக்குறியாக்கா?" என்று தம்பி கிண்டல் செய்தான். பேய் வராவிட்டால் போகட்டும், மோட்டார் கெட்டால் சரிசெய்ய ஆள் வர வேண்டுமே என்றேன். அப்போது விளையாட்டாகத்தான் சொன்னேன்.

தேட ஆரம்பித்தபோது மரம் இருக்க வேண்டும், வராந்தா இருக்க வேண்டும், ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும் என்றெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். பார்த்த எட்டு வீடுகள் கைவிட்டுப் போனதற்கு இவற்றில் ஒன்றுகூடக் காரணம் இல்லை. அந்தத் தாளை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

இரண்டாவது வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தேன். குருவிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. அரை மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டு, இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். முன்பணத்தோடு புதன்கிழமை போனால், பேருந்தைவிட்டு இறங்கும்போதே பல்லில் மண் கடிபட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கல் உடைக்கும் கிரஷர். மதியம் வெடி வைத்தார்கள், ஜன்னல் கம்பிகள் கிடுகிடுவென்று ஆடின. தரகரைக் கேட்டால், "ஞாயித்துக்கிழமை லீவு விட்டுடுவாங்க மேடம்" என்றார், எனக்கு ஏதோ சலுகை வாங்கித் தந்ததுபோல.

அதிலிருந்து எந்த வீடாக இருந்தாலும் வேலை நாளில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று பழக்கப்படுத்திக்கொண்டேன். இரவு ஏன் என்றால், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே திரும்பிவிடும். பகலில் இருக்கும் இடமே தெரியாத நெடுஞ்சாலை ராத்திரி தலைமாட்டில் ஓடுவதுபோல் கேட்பது அதனால்தான். ஏழாவது வீடு அந்தச் சோதனையில் போயிற்று.

நான்காவது வீட்டை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. எல்லாம் பேசி முடித்து, ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்யக் கொடுத்த பிறகு உரிமையாளர் கேட்கிறார்: "மத்தவங்கள்லாம் எப்ப வர்றாங்க?" மற்றவர் யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்றேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "தனியா இருக்கிறவங்களுக்கு விடுறதில்லைங்க. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நாங்கதானே பதில் சொல்லணும்?" இதை முதல் நாள் போனிலேயே கேட்டிருந்தால் எனக்கு மூன்று பயணம் மிச்சமாகியிருக்கும். பிறகுதான் உறைத்தது, நானும் சொல்லவில்லை. சொன்னால் தட்டிக் கழித்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். தட்டிக் கழிக்கிறவர்கள் முதல் அழைப்பிலேயே கழித்துவிடட்டும், பேருந்துக் கட்டணமாவது மிஞ்சும். அடுத்த வீட்டிலிருந்து, "வணக்கம், நான் தனி ஆள்" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தேன்.

ஐந்தாவது வீட்டுக்கு இரண்டாம் முறை போனபோது பாதைக்குக் குறுக்கே புதிதாக ஓர் இரும்புக் கேட், அதில் பூட்டு. பாதை பக்கத்து நிலத்துக்காரருடையதாம், அண்ணன் தம்பி சண்டையாம். வீடு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இப்போது இருக்கும் ஒன்பதாவது வீட்டுக்கு வருகிறேன். சாலையிலிருந்து 400 மீட்டர் உள்ளே, சுற்றிலும் மரம், அருகில் ஒரே ஒரு வீடு. முதலில் ஓராண்டு வாடகை, ஒத்துவந்தால் வாங்கிக்கொள்வது என்று பேச்சு. இந்தத் தடவை மரத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கிணற்றுக்குப் போனேன்.

"இந்தக் கிணறு வத்தினதே இல்ல" என்று உரிமையாளர் சொன்னார். ஒன்பது வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள், அதில் மூன்று கிணறுகளில் அடிமண்ணே தெரிந்தது. வாய் வார்த்தையை விட்டுவிட்டு ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டேன். கோடையின் கடைசி வாரம் அது. கிணறு பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது, மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் அழகுதான். சாயங்காலம் மோட்டாரைப் போட்டு நீர்மட்டத்தை நன்றாக இறக்கிவிட்டு, கயிற்றை விட்டு அளந்து முடிச்சுப் போட்டேன். அன்றிரவு அங்கேயே தங்கினேன் (சத்தச் சோதனையும் அதோடு முடிந்தது). காலையில் அளந்தால் 12 செ.மீ. ஏறியிருந்தது. கிணற்றின் விட்டம் 3 மீட்டர். அப்படியானால் ஒரு செ.மீ. உயர்வு என்பது சுமார் 70 லிட்டர், ஒரே ராத்திரியில் 800 லிட்டருக்கு மேல் ஊறியிருக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நான் குளித்துத் துவைத்துச் செடிக்கு ஊற்றினாலும் தாராளம். இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது வந்த சந்தோஷம் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில்கூட வந்ததில்லை.

ஊற்று நன்றாக இருந்தால் போதுமா, தண்ணீர் நன்றாக இருக்க வேண்டாமா? பரிசோதனைக்கு எடுத்துப் போனேன், சொதப்பினேன். வீட்டில் கிடந்த ஒரு பழைய பாட்டிலை நன்றாகக் கழுவி, தண்ணீர் பிடித்து, இரண்டு பேருந்து மாறி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மேசையில் இருந்தவர் பாட்டிலைத் தொடக்கூட இல்லை. "கிருமி டெஸ்ட்டுக்கு நாங்க கொடுக்கிற பாட்டில்லதான் எடுக்கணும்." அவர் சொன்னதில் தப்பில்லை. கழுவிய பாட்டிலிலும் கிருமி இருக்கும், அப்புறம் முடிவு கிணற்றைப் பற்றியா பாட்டிலைப் பற்றியா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் இரண்டு நாள் முன்பு போன் செய்து கேட்டபோது, "தண்ணி கொண்டாங்க, பாத்துத் தர்றோம்" என்று சொன்னதும் அதே ஆய்வகம்தான்.

ஆகவே முதலில் போய் அவர்களுடைய கிருமி நீக்கிய பாட்டிலை வாங்கிவாருங்கள். வாய்ப்பகுதியில் விரல் படக் கூடாது. பனிக்கட்டி வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள், ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்தால் நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. வெள்ளிக்கிழமை மாலை எடுத்துப் போனால் திங்கள்வரை அப்படியே கிடக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்தது: ஈ.கோலை, அதாவது மலத்திலிருந்து வரும் கிருமி, இருக்கிறது. 100 மி.லி. குடிநீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. எனக்குக் கை கால் ஓடவில்லை, இந்த வீடும் போச்சு என்றே நினைத்தேன். கழிவுத் தொட்டிதான் காரணம் என்று சந்தேகப்பட்டு நாடாவால் அளந்தால் அது 35 மீட்டர் தள்ளி, கிணற்றைவிடப் பள்ளத்தில் இருந்தது. பல நாடுகளின் விதிகள் 15 முதல் 30 மீட்டர் இடைவெளியைத்தான் கேட்கின்றன. பிறகு கிணற்றைச் சுற்றி நடந்து பார்த்தபோது தெரிந்தது, ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் உடைந்து, ஆடு நிற்கும் இடத்து நீரெல்லாம் அந்த வழியாகக் கிணற்றுக்குள் இறங்கிய தடம். உரிமையாளர் மறுபேச்சில்லாமல் சுவரை எழுப்பிக் கொடுத்தார். குளோரின் போட்டு, சில நாள் விட்டு மறுபடி எடுத்த மாதிரி சுத்தமாக வந்தது. இன்னொன்று, நைட்ரேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மி.கி. கிருமி கொதிக்கவைத்தால் சாகும். நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அது அடர்த்தியாகத்தான் ஆகும்.

மின்சாரத்தில் தொல்லை இல்லை. செல்போன் சிக்னல் வீட்டுக்குள் கிடையாது, கிணற்றடிக் கல்லின்மேல் நின்றால் உண்டு. சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம், கைபேசிக்குக் கைபேசி மாறும். அமைப்புகளுக்குள் போய், சிக்னலின் வலிமையைக் காட்டும் டிபிஎம் (dBm) எண்ணைப் பாருங்கள். மைனஸ் 85 என்றால் நிம்மதி, மைனஸ் 110-க்கும் கீழே போனால் பேச்சு அறுந்து அறுந்துதான் வரும். தனியாக இருப்பவருக்கு இது பொழுதுபோக்கு விஷயம் இல்லை.

சரி, இப்போது பாதை. ஐந்தாவது வீட்டில் சூடுபட்டவள் ஆயிற்றே, வீட்டுப் பத்திரத்தை வாங்கிப் படித்தேன். நிலம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, அந்த 400 மீட்டர் பாதையைப் பற்றி ஒரு வரி இல்லை. "அம்பது வருஷமா இதுலதான் போறோம் வர்றோம்" என்றார் உரிமையாளர். அந்த இரும்புக் கேட்காரரும் ஐம்பது வருஷம் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?

நில அளவை அலுவலகத்துக்குப் போய்ப் பழைய அளவைப் படம் கேட்டேன். எழுத்தர், நில எண் இல்லாமல் பார்க்க முடியாது என்றார். நியாயம். அடுத்த வாரம் எண்ணோடு போனேன். உட்பிரிவு எண்ணும் வேண்டும் என்றார். போன வாரமே சொல்லியிருக்கலாமே என்றேன். "போன வாரம் நீங்க கேக்கலையே." மூன்றாம் முறை இரண்டு எண்ணோடும் போனேன். படம் வைத்திருக்கும் பிரிவு வேறு, அதைப் பார்ப்பவர் விடுப்பு. கோபத்தில் ஒரு காரியம் செய்தேன், அது நல்லதாகப் போயிற்று. ஒரு வெள்ளைத் தாளை அவர்முன் வைத்து, "என்னென்ன கொண்டுவரணும்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினார். மொத்தம் ஐந்து இருந்தது! மூன்று பயணத்தில் எனக்குச் சொன்னது இரண்டு. அதில் ஐந்தாவதாக, "பக்கத்து நிலத்தின் பத்திர எண், ஆண்டு" என்று இருந்தது.

பக்கத்து நிலம் என்றால் அந்த ஒரே ஒரு வீடு. அதில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா. அதுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீடு முடிவாகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது முதல் முறையாகப் போய் நிற்பதே பத்திரம் கேட்டு. எப்படி ஆரம்பிப்பது என்று நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, நான் வழிய மறிச்சிருவேன்னு பயமா?"

தலையைக் குனிந்துகொண்டேன். பெரியம்மா உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்துவந்தார். மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டுப் போட்ட தாள். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, என்னைப் படிக்கச் சொன்னார். நான்கெல்லையில் விரலை வைத்துக்கொண்டே போனேன். "வடக்கே 12 அடி வண்டிப்பாதை." அவருடைய நிலத்துக்கு எல்லையே அந்தப் பாதைதான். அதாவது பாதை அவர் நிலத்துக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. "எனக்கு முன்னாடியே தெரியும், யாரும் வந்து கேக்கல" என்றார்.

உங்கள் பத்திரத்தில் பாதை இல்லையென்றால் பக்கத்துப் பத்திரத்தின் நான்கெல்லையைப் பாருங்கள். அது மட்டுமே முடிந்த முடிவு ஆகாது, சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஒரு வழக்கறிஞரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் தேட ஒரு முனை கிடைத்துவிடும். அந்த எண்ணையும் ஆண்டையும் கொடுத்த அன்றே எழுத்தர் படத்தை எடுத்துவிட்டார். பாதை அதில் இரட்டைக் கோடாக அழகாக ஓடியது. நகலில் முத்திரை குத்தும்போது அவர் முகத்தில் லேசாக ஏமாற்றம் தெரிந்ததுபோல் எனக்குப் பட்டது. என் மனக்கோணலாகவும் இருக்கலாம்.

ஒப்பந்தம், சாமான் ஏற்றி இறக்கியது எல்லாம் இரண்டே நாளில் முடிந்தது.

வந்த மூன்றாம் நாள் பெரியம்மா ஒரு நீல வாளியோடு வந்தார். தினமும் காலையில் எழுந்ததும் அதைக் கிணற்றுக் கம்பத்தில் மாட்ட வேண்டுமாம். அவர் வாசலிலிருந்து பார்த்தால் மங்கலாகவாவது நீலம் தெரியும். எட்டு மணிக்குள் தெரியாவிட்டால் வந்து பார்ப்பார். மற்றபடி என் வழிக்கு வரமாட்டார், நானும் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஒப்பந்தத் தாளில் எழுதாத இந்த ஒப்பந்தம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நெடுநேரம் படித்துவிட்டு அசந்து தூங்கிவிட்டேன். கதவு இடிபடும் சத்தம். திறந்தால் பெரியம்மா, அவருக்குப் பின்னால் கடப்பாரையோடு பேரன், அவனுக்குப் பின்னால் நான் இதுவரை பார்த்தே இராத இரண்டு பேர். சுவரில் மணி ஏழே முக்கால்.

"எட்டு மணின்னுதானே சொன்னீங்க பெரியம்மா?"

"எட்டு வரைக்கும் என்னால உக்காந்திருக்க முடியலம்மா" என்றவர், பேரனைப் பார்த்து, "கடப்பாரையக் கீழ வைடா" என்றார்.