எந்தப் பக்கத்தில் நின்றீர்கள்?

கோவில்பட்டியில் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. ஜாக்கெட் வாங்க வருகிறவர்கள் கொக்கி கட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார்கள். அந்த அரை மணி நேரத்தை மனதில் வைத்து, பொங்கல் வேலை ஓய்ந்த மறுவாரம் நூல்கண்டு அடுக்கியிருந்த தட்டைக் காலி செய்தேன். என் புத்தகங்களில் 43 எடுத்து அதில் வைத்தேன். நாவல், தன்வரலாறு, மொழிபெயர்ப்பு, சமையல், மாத நாவல் என்று எல்லாம் கலந்துதான் இருந்தது. யார் வேண்டுமானாலும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பணம் கிடையாது, கையெழுத்து நோட்டும் கிடையாது. திருப்பித் தரும்போது உள்ளே இருக்கும் தாளில் மனதில் பட்டதை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய விமர்சகர்கள் எழுதியதை நிறையப் படித்திருக்கிறேன். எங்கள் தெருவில் படிக்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாமலே இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. இப்போது பத்து மாதம் ஆகிறது.

தை, மாசி

முதலில் தாளைப் பின்னட்டையில் மைதாப் பசையால் ஒட்டினேன். மூன்றே வாரத்தில் ஏழு புத்தகங்களில் பூச்சி அரித்துவிட்டது. பைண்டிங் செய்கிறவர்கள் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கைக்குழந்தையோடு வருகிறார்கள். குழந்தை கையில் கிடைத்ததை வாயில்தான் வைக்கும். அதனால் ஒட்டுகிற வேலையையே விட்டுவிட்டு உறை தைத்தேன்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக அளவைச் சொல்லிவிடுகிறேன். டெமி அளவுப் புத்தகத்துக்கு, அதாவது வழக்கமான நாவல் அளவுக்கு, 18 இஞ்ச் நீளம், ஒன்பதரை இஞ்ச் உயரம் வெட்டினால் இரண்டு பக்கமும் மடிப்புக்குச் சரியாக வரும். 36 இஞ்ச் அகல லைனிங் துணி ஒரு மீட்டரில் எட்டு உறை கிடைக்கும். பின்பக்க மடிப்பில் ஒரு சின்னப் பை வைத்துத் தைத்தால் தாளை அதில் செருகிக்கொள்ளலாம், நிறைந்ததும் மாற்றலாம். துணியை ஒரு ராத்திரி நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி, அட்டை உள்ளே நுழையாது.

உறை நன்றாக அமைந்துவிட்டது. தாளில் வந்ததுதான் எனக்குப் போதவில்லை. "அருமை." "நன்று." "சூப்பர் அக்கா." மாசிக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன்: 26 குறிப்புகளில் 21 இப்படி. எழுதியவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். தாளின் தலையில் 'தங்கள் கருத்து' என்று எழுதி வைத்தவள் நான்தான். அந்தச் சொல்லைப் பார்த்ததும் பள்ளிக்கூட விழாவில் நோட்டை நீட்டியதுபோல ஆகிவிடுகிறது. மரியாதையாக ஒரு வார்த்தை எழுதிவிட்டு மூடிவிடுகிறார்கள்.

வழி காட்டியது நாத்தனார் வீட்டுக்காரர். தூத்துக்குடியில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், எனக்கு அண்ணன் முறை. ஒரு விசேஷத்துக்கு வந்தவர் ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டுபோய் மொட்டைமாடியில் ஒரே மூச்சில் படித்து முடித்தார். தாளில் எழுதியது ஒரே வார்த்தை: "நன்று." காப்பி குடிக்கும்போது சும்மா கேட்டேன், எந்த இடத்தில் நிறுத்தி யோசித்தீர்கள் என்று.

"மொதப் பக்கத்துலயே நின்னுட்டேன் தங்கச்சி. எம்பத்திநாலு நாள் மீன் படலங்காரு. எங்க கரையில அப்பிடி ஒருத்தன் கெடந்தா, கடன் குடுத்தவன் வாசல்ல வந்து நிப்பான். கடைசிவரைக்கும் தேடுனேன், அந்த ஆளைக் காணலியே?"

கயிற்றை முதுகில் கொடுத்துத் தாங்குவதும், இடது கை விறைத்துப்போவதும் மிகச் சரி என்றார். அதை எழுதியவருக்குக் கடல் தெரியும், கரைதான் குறைகிறது என்றார். 1952இல் வந்த புத்தகம். உலகமெல்லாம் எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். கடன் கொடுத்தவனை யாராவது தேடினார்களா? நான் தேடவில்லை. மூன்று முறை படித்திருக்கிறேன், எனக்கு அந்த எண்ணமே வந்ததில்லை.

பங்குனி முதல்

அன்று ராத்திரியே எல்லாத் தாளையும் மாற்றினேன். தலைப்பில் இப்போது ஒரு கேள்விதான் உண்டு: 'எந்தப் பக்கத்தில் நின்றீர்கள்? ஏன்?' புத்தகம் நல்லதா கெட்டதா என்று கேட்பதில்லை. பாதியில் விட்டிருந்தாலும் பக்க எண் போட்டால் போதும்.

வித்தியாசம் பத்து நாளில் தெரிந்தது.

தேர்வாணையப் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு தம்பி, அக்காவின் சுடிதாரை வாங்க வந்தவன், உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை எடுத்துப்போனான். வருஷங்களைக் குறித்துக்கொள்ளத்தான் எடுத்திருக்கிறான். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது, எழுதி முடிப்பதற்குள் அவர் காலமாகிவிட்டார் என்பதுவரை அவனுக்கு முன்பே தெரியும். அவன் நின்ற இடம், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதி. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குவார். அவரோ முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது. தம்பி எழுதியது: "நானும் ஆறு வருஷமாகப் படிக்கிறேன். என்னிடம் யாராவது இப்படிக் கேட்டால் வினா விடைப் புத்தகத்தின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு நாள் வேறு எதுவும் படிக்க ஓடவில்லை." பிறகு தட்டிலிருந்து மணிமேகலை உரைநடையைக் கேட்டு வாங்கிப்போனான். இந்த ஒரு தாளுக்காகவே இத்தனை உறையும் தைக்கலாம்.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளோடு பழகி அவர் எழுதிய நாவல். அளத்தில் 20 வருஷம் வேலை பார்த்துவிட்டு மகள் வீட்டோடு இங்கே வந்துவிட்ட ஒரு மதினி எடுத்துப்போனார். படிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வெயிலில் உப்பு வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப்போனது என்பார். அவர் நின்றது ஒரு பக்கத்தில் இல்லை, நிறையப் பக்கங்களில். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரி' என்று பென்சிலால் போட்டிருந்தார், கணக்குப்பிள்ளை கணக்குப் பார்ப்பது மாதிரி. பாத்தி சரி, உப்பு வாருகிறது சரி, காலில் புண் சரி. கடைசியில் இரண்டு வரி: "இப்போது மழை மாசத்துக்கு அரசாங்கம் 5,000 ரூபாய் கொடுக்கிறது. அப்போது அதுவும் கிடையாது. பொன்னாச்சி என் வயசுப் பிள்ளை." கதையில் வரும் பெண்ணைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார், பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல.

மாத நாவல்தான் மிக வேகமாகச் சுற்றுகிறது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முடிவைத் தாளில் எழுதக் கூடாது என்று ஒரு விதி மட்டும் சேர்க்க வேண்டியிருந்தது. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் ஒன்பது முறை போய் வந்தது, ஐந்தாம் பாகம் இரண்டு முறை. ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற ஏரிக்கரையிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள், சந்தோஷமாகத்தான். நான்கு பேர் அதே பக்கத்தைக் குறித்திருக்கிறார்கள். 

சமையல் புத்தகத்திலும் தாள் வைக்கலாமா என்று யோசித்தேன். வைத்தது நல்லதாயிற்று. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', 1951இல் முதலில் வந்தது. என்னிடம் இருப்பது அம்மாவின் பழைய பிரதி. கல்யாணமாகி இரண்டு மாதமே ஆன ஒரு பிள்ளை வாங்கிப்போய், ஆழாக்கு என்ற சொல்லில் நின்றுவிட்டது. அடுத்து எடுத்துப்போன ஆச்சி அதன் கீழேயே பதில் எழுதிவிட்டார்: "எட்டு ஆழாக்கு ஒரு படி. உன் வீட்டு காப்பி டம்ளரில் அளந்து பார்த்துக்கொள் தாயி." இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

இப்படி ஒருவர் எழுதியதற்குக் கீழே இன்னொருவர் எழுதுவது நான் எதிர்பார்க்காதது. பூமணியின் 'வெக்கை' தாளில் அது முற்றிப்போய்விட்டது. இந்த நாவலைத் தழுவி 2019இல் வந்த 'அசுரன்' படத்தைப் பார்த்துவிட்டுக் கல்லூரிப் பையன் ஒருவன் எடுத்துப்போனான். 1982இல் வந்த நாவல் என்பதே அவனுக்குப் புதிது. "படத்தில் இருக்கிற சண்டை இதில் இல்லை. 50ஆம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன்" என்று எழுதினான். அடுத்து எடுத்தவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற அக்கா. அவர் கீழே எழுதினார்: "சண்டையை முதலிலேயே முடித்துவிட்டுத்தான் கதை ஆரம்பிக்கிறது தம்பி. அய்யாவும் மகனும் எட்டு நாள் காட்டில் எப்படி இருந்தார்கள் என்று பார்." அவன் வேறு புத்தகம் வாங்க வந்தபோது இந்தத் தாளைக் காட்டினேன். மறுபடி கொண்டுபோனான். மூன்றாவது குறிப்பு அவனுடையது: "படித்துவிட்டேன் அக்கா. எட்டு நாளும் ஒன்றாகவே இருக்கிறார்கள். எங்கப்பாவோடு நான் எட்டு நாள் சேர்ந்தாற்போல இருந்ததே இல்லை." அவன் அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார்.

எழுதத் தெரியாதவர்களை விட்டுவிடக் கூடாது என்று ஆனியில் தோன்றியது. சொல்லச் சொல்ல நானே எழுதிக்கொள்கிறேன். முதலில் வந்தது எதிர்வீட்டுப் பாட்டி. பேத்தி 'கோபல்ல கிராம'த்தை வாசித்துக் காட்டியிருக்கிறாள். கி. ராஜநாராயணனின் இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான், அதனால் பாட்டிக்கு ஏக உரிமை. "எங்க ஆச்சி சொன்ன கதையை இவுக எழுதிட்டாக" என்றார். கதையின் தொடக்கத்தில் தண்ணீர் குடிக்க இறங்கிய சூலிப் பெண்ணை நகைக்காக ஒரு திருடன் கொன்றுவிடுவான். சாகும்போதும் அவன் கால் விரலை அவள் கவ்விய பல்லை விடமாட்டாள். பேத்தி அந்த இடத்தை வாசித்ததும் போதும் என்று சொல்லிவிட்டாராம் பாட்டி. ஏன் என்றேன். வடிந்து தொங்கும் காதைத் தொட்டுக்கொண்டு, "பாம்படத்தை மக கல்யாணத்துக்கு வித்தேன். அன்னைக்கு ரெண்டு நாள் தூங்கல. இப்பத்தான் வித்தது நல்லதுன்னு தோணுது" என்றார். அதை அப்படியே எழுதி, நாளைப் போட்டு, பாட்டியிடம் ரேகை வாங்கிவைத்தேன். பாட்டிதான் ரேகை வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

எனக்கே ஒரு புத்தகம் மாறிப்போனது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' என் வரையில், சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கிற ஜமுனாவின் கதை. தாளில் ஒருவர் "கதை என்று ஒன்றுமே நடக்கவில்லை, குடம்தான் தூக்குகிறார்கள்" என்று எழுதியிருந்தார். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீருக்காக நாள்கணக்கில் காத்திருந்த காலத்தை மறந்துவிட்டாரா என்று எனக்குக் கோபம் வந்தது. அடுத்து எழுதியவர் ஒரு சத்துணவு அமைப்பாளர்: "டீச்சரம்மா பேசுகிற இடத்தில் நின்றேன். வீட்டில் சீக்காளிப் புருஷன், கடுகடுத்த மாமியார். அவ்வளவையும் வைத்துக்கொண்டு அடுத்தவளைத் தேற்றுகிறாள். இவளை யார் தேற்றினார்கள்?" அதற்குப் பிறகு நாவலை மறுபடி எடுத்தேன். டீச்சரம்மா வருகிற பக்கங்களை மட்டும் தனியாகப் படித்தேன். இத்தனை வருஷம் அந்த அம்மாளை ஜமுனாவுக்கு ஆறுதல் சொல்ல வந்த ஆளாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி வரை

கணக்கு இது. வைத்தது 43. திரும்பாதவை நான்கு. குறிப்புகள் 118. 'அருமை' என்று மட்டும் எழுதியவை, கேள்வியை மாற்றிய பிறகு ஒன்பதுதான்.

திரும்பாதவற்றில் பாமாவின் 'கருக்கு' இருந்தது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. 1992இல் வந்த அவருடைய தன்வரலாறு, நான் காசு சேர்த்து வாங்கியது. எடுத்துப்போனவர் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சியைக் கையால் கட்டையில் அடுக்குகிற காலத்திலிருந்து இருக்கிற இன்னொரு அக்கா. வைகாசியில் கொண்டுபோனவர் இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு கடைப் பக்கமே வரவில்லை. 

போன வாரம் தீபாவளித் துணியோடு வந்தார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். உறையைத் துவைத்துத் தேய்த்துப் போட்டிருந்தார். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்து, நோட்டுத் தாள் ஒன்றைக் கிழித்துக் குண்டூசியால் குத்தியிருந்தது. ஐந்து கையெழுத்து. அவருடையது, தங்கச்சியுடையது, தங்கச்சி மகளுடையது, மற்ற இரண்டும் கூட வேலை பார்க்கிறவர்களுடையது. ஐந்து பேரும் போட்டிருந்தது ஒரே பக்க எண். பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைத் தொடாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, சின்னப் பிள்ளையான பாமா விழுந்து விழுந்து சிரிப்பார்; பொட்டலத்தில் அவர் கை பட்டால் அதை வாங்குகிற மேல்சாதிக்காரருக்குத் தீட்டு என்பதால்தான் அப்படி என்று அண்ணன் சொன்ன பிறகுதான் புரியும். அந்தப் பக்கம். அக்கா எழுதியிருந்தது: "நானும் முதலில் சிரித்தேன். பிறகு எங்கப்பா ஞாபகம் வந்தது."

நோட்டுத் தாளைக் கிழியாமல் எடுத்துப் பழைய தாளோடு சேர்த்துத் தைத்தேன். பையை ஒரு இஞ்ச் பெரிதாக்கிப் புதுத் தாள் வைத்தேன். தட்டில் வைக்கப் போனபோது அக்கா கையை நீட்டினார். அவர்கள் தெருவில் இன்னொரு பிள்ளை கேட்டிருக்கிறதாம்.